நலம் விசாரிக்க வந்தவர்கள்

2023 ஜூலையில் நெகிரி செம்பிலான் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஜூலை 29 வேட்புமனுத் தாக்கல், ஆகஸ்ட் 12 வாக்களிப்பு. நேற்றுவரை ஒருவரையொருவர் வசைபாடிய தேசிய முன்னணிக்காரர்களும் நம்பிக்கைக் கூட்டணிக்காரர்களும் ஒரே மேடையில் ஏறி வாக்குக் கேட்கப் போகிறார்களே, அதை எப்படி விழுங்குவது என்று அம்பாங்கான் கடைகளில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கெடாவிலிருந்து அந்தச் செய்தி வந்தது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சர் சலாஹுடின் அயூபுக்கு மூளையில் இரத்தக்கசிவு. அலோர்ஸ்டார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. ஐந்து வெள்ளிச் சாப்பாடான ‘மெனு ரஹ்மா’ திட்டத்தால் தினக்கூலிக்காரருக்கும் பெயர் தெரிந்திருந்த அமைச்சர் அவர்.

நான் உட்கார்ந்திருந்த கடையில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “பாவங்க, நல்ல மனுசன்” என்றார். தே தாரிக்கில் ஒரு மிடறு குடித்தார். பிறகு, “பூலாய்ல இனி யாரப் போடுவானுங்க?” என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் உரக்கச் சொன்னதைப் புத்ராஜெயாவில் எத்தனை பேர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்! ஜூலை 23 இரவு சலாஹுடின் காலமானார். வயது 61. ஜொகூரில் பூலாய் நாடாளுமன்றத் தொகுதியும் சிம்பாங் ஜெராம் சட்டமன்றத் தொகுதியும் அவரிடம் இருந்தன. செப்டம்பர் 9ஆம் தேதி இரண்டுக்கும் இடைத்தேர்தல் நடந்து முடிந்தது. எதிரணி இரங்கலும் தெரிவித்தது, வேட்பாளரையும் நிறுத்தியது. நிறுத்தாமல் இருந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின்படி காலியான நாடாளுமன்றத் தொகுதியை 60 நாளுக்குள் நிரப்ப வேண்டும். தவணை முடிய இரண்டு ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் பொதுவாக இடைத்தேர்தல் கிடையாது. ஆகவே ஒரு தலைவர் படுக்கையில் விழுந்ததும் மருத்துவர் நாடி பார்க்கிறார், கட்சிக்காரர் நாட்காட்டி பார்க்கிறார். நெகிரிக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. 2000இல் தெலுக் கெமாங் நாடாளுமன்ற உறுப்பினர், ம.இ.கா.வின் எஸ்.ஏ. அன்பழகன் இறந்து ஜூன் 10ஆம் தேதி இடைத்தேர்தல் வந்தது, எஸ். சோதிநாதன் வென்றார். 2009இல் பாகான் பினாங் சட்டமன்ற உறுப்பினர் இறந்தபோது, பண அரசியலுக்காகக் கட்சியால் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த முன்னாள் மந்திரி பெசார் இசா சமாட் அந்த வாசல் வழியாகத்தான் அரசியலுக்குத் திரும்பினார். இதையெல்லாம் பார்த்தவர்கள் அனுதாப அறிக்கையை வாசிக்கும்போது அடுத்த பத்தியில் என்ன வரும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே.

ரப்பர்த் தோட்டத்தில் நலம் விசாரிப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. லயத்தில் ஒருவர் படுத்துவிட்டால், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்து, மைலோ டின்னோ நாலு ஆரஞ்சோ எடுத்துக்கொண்டு சாயங்காலம் போவார்கள். நோயைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். மழையில் எத்தனை நாள் வெட்டு நின்றது, கண்டக்டர் யாரிடம் எரிந்து விழுந்தார், இந்தத் திருவிழாவுக்குக் கரகம் யார் எடுப்பது என்று போகும் பேச்சு. எழுந்து வரும்போது “பாத்துக்கலாம், நல்லாயிடும்” என்று ஒரு வார்த்தை. வாய்க்கால் தகராறில் பேச்சை முறித்துக்கொண்டவரும் வருவார். வாசலோடு நின்று, வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டுப் போவார். பகையாளி வருவது அங்கே பெருந்தன்மையில் சேர்த்தி இல்லை. வராவிட்டால்தான் ஊர் பேசும்.

இன்று ஓர் அரசியல்வாதி மாற்றுக்கட்சிக்காரரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தால் ‘அரசியல் நாகரிகம்’ என்று பத்திரிகைகள் மாய்ந்து மாய்ந்து எழுதுகின்றன. லயத்துக்காரரிடம் சர்வசாதாரணமாக எதிர்பார்த்ததை டத்தோக்களிடம் கண்டதும் நமக்குப் புல்லரித்துவிடுகிறது. எனக்கு இந்தப் புல்லரிப்பில் நம்பிக்கை இல்லை. எதிரிக்கு நலம் விசாரிப்பது எளிது. படுத்திருப்பவர் எழுந்தாலும் எழாவிட்டாலும் அந்த நாற்காலி நேராக எதிரியிடம் வந்து சேராது, இடையில் ஒரு தேர்தல் இருக்கிறது. கஷ்டமெல்லாம் கூட இருப்பவருக்குத்தான். துணைத் தலைவர் இருக்கிறார், உதவித் தலைவர்கள் இருக்கிறார்கள், கூடவே வளர்ந்து இடம் கிடைக்காமல் கசந்துபோன நண்பர் இருக்கிறார். இவர்கள் ஓடோடிப் போனால் காத்துக்கிடந்தான் என்பார்கள். தள்ளி நின்றால் நன்றி கெட்டவன் என்பார்கள். உண்மையைச் சொன்னால் துரோகம், மறைத்தால் சதி. ஆகவே ஒரு தலைவரின் நோயில் எதிர்க்கட்சிக்காரர் என்ன சொன்னார் என்பதை நான் மேலோட்டமாகத்தான் படிக்கிறேன். அவருடைய ஆட்களே என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் உற்றுப் பார்க்கிறேன்.

எம்.ஜி.ஆரின் நோய் இதற்குப் பழைய சாட்சி. 1984 அக்டோபரில் அவர் சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் தாக்கியது. இந்திரா காந்தி வந்து பார்த்தார். அடுத்த இரண்டே வாரத்தில் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பரில் எம்.ஜி.ஆரை நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். பகுத்தறிவுக் கட்சியின் தலைவரான கருணாநிதி, நாற்பதாண்டு நட்பை நினைவுகூர்ந்து, தானும் பிரார்த்திப்பதாக முரசொலியில் எழுதினார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் யாரிடம் பிரார்த்தித்தார் என்று அன்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அது கிண்டலாகத் தெரியவில்லை. எதிரிக்காகத் தன் கொள்கையின் மொழியிலிருந்து ஓர் அடி இறங்கி வந்து மக்களின் மொழியில் பேசினார். தேர்தலும் பக்கத்தில் இருந்தது, அதையும் மறக்க வேண்டாம். பிரச்சாரத்தில் அவர் ஒரு படி மேலே போய், எம்.ஜி.ஆர். நலமாகத் திரும்பி வந்தால் ஆட்சியை அவரிடமே தந்துவிடுவேன் என்று பேசியதாக இன்றும் சொல்வார்கள்.

அதே வாரங்களில் அ.தி.மு.க.வுக்குள் நடந்தது வேறு. தலைவரின் கட்டிலைச் சுற்றி யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று அணி பிரிந்தது. ஆர்.எம். வீரப்பன் ஒரு பக்கம், ஜெயலலிதா இன்னொரு பக்கம். மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். சாப்பிடுவதையும் படிப்பதையும் படமெடுத்துத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் காட்டினார்கள். நோயாளியின் உடம்பே தேர்தல் அறிக்கையானது. டிசம்பர் 24 வாக்களிப்பில், வந்தே பாராத ஆண்டிபட்டியில் அவர் வென்றார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அவருடைய படங்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் மூத்தவர்களுக்கு இதில் வியப்பே இல்லை. சாகாத நாயகனை அவர்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறார்கள்!

முப்பத்திரண்டு வருடம் கழித்து அதே அப்போலோ, அதே கட்சி. 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை ஜெயலலிதா உள்ளே இருந்தார். ராகுல் காந்தி வந்தார், ஸ்டாலின் வந்தார், மருத்துவர்களிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அமைச்சர்களோ வாசலில் நின்று, அம்மா இட்லி சாப்பிட்டார் என்றார்கள். அடுத்த ஆண்டு மதுரைக் கூட்டத்தில் திண்டுக்கல் சீனிவாசன், நாங்கள் சொன்னது பொய், மன்னித்துவிடுங்கள் என்று மக்களிடம் கேட்டார். அந்த மன்னிப்பை வைத்து எத்தனையோ நகைச்சுவைத் துணுக்குகள் வந்தன. என் மனத்தில் நிற்பது வேறு. ஓர் அமைச்சரவையே தன் தலைவர் எப்படி இருக்கிறார் என்று தெரியாமலோ, தெரிந்தும் சொல்ல முடியாமலோ, இட்லி என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 75 நாள் தொங்கியிருக்கிறது. பிறகு ஆறுமுகசாமி ஆணையம் வருடக்கணக்கில் உட்கார்ந்து விசாரித்தது.

எதிரியின் நலம் விசாரிப்பு எளிது என்றேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2018 ஜூலை 30 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி காவேரி மருத்துவமனைக்குச் சென்று கருணாநிதியின் உடல்நிலையைக் கேட்டறிந்தார். எல்லாரும் பாராட்டினார்கள். ஆகஸ்ட் 7 மாலை கருணாநிதி இறந்ததும் மெரினாவில் அடக்கம் செய்ய அதே அரசு இடம் தர மறுத்தது, சட்டச் சிக்கல் என்றது. இரவோடு இரவாக உயர்நீதிமன்றம் கூடி, மறுநாள் காலையில் அனுமதி தந்தது. பழக்கூடையும் பூங்கொத்தும் கொடுக்கலாம், அண்ணா சமாதிக்குப் பக்கத்தில் நிலம் என்றால் கணக்கு வேறு. செலவில்லாத வரைக்கும்தான் நாகரிகம் என்று அந்த ஒரு வாரத்திலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

செலவோடு கூடியதும் உண்டு. 1988இல் ராஜீவ் காந்தி, சிறுநீரக நோயால் அவதிப்பட்ட வாஜ்பாயை ஐ.நா. தூதுக்குழுவில் சேர்த்து நியூயார்க்குக்கு அனுப்பினார், அங்கே சிகிச்சை பெறட்டும் என்று. ராஜீவ் அதை வெளியே சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு வாஜ்பாயே சொன்னதால்தான் உலகுக்குத் தெரியும்.

மலேசிய வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இரண்டு நோயாளிகளைப் பற்றி. துன் டாக்டர் இஸ்மாயில் மெல்பர்னில் படித்த மருத்துவர். 1967இல் உடல்நலம் காரணமாக அமைச்சரவையிலிருந்து விலகினார். 1969 மே 13 கலவரம் அவரைத் திரும்ப இழுத்து வந்தது, உள்துறையை ஏற்றார். அதே 1969இல் துன் ரசாக்குக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1970இல் ரசாக் பிரதமர், இஸ்மாயில் துணைப்பிரதமர். நாட்டின் முதல் இரண்டு நாற்காலிகளிலும் நோயாளிகள். ரசாக்கின் நோய் தெரிந்த மிகச் சிலரில் இஸ்மாயிலும் ஒருவர். வாரிசுப் போட்டிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? நடந்ததோ வேறு. நண்பனின் நோய் ரகசியத்தை மற்றவர் காப்பாற்றிவைத்தார், நண்பனின் வேலையையும் பங்கிட்டுச் செய்தார். 1973 ஆகஸ்ட் 2 அன்று முதலில் போனது இஸ்மாயில்தான். ரசாக் அப்போது காமன்வெல்த் மாநாட்டுக்காகக் கனடாவில் இருந்தார். தேசியப் பள்ளிவாசலின் வீரர் கல்லறையில் முதன்முதலாக அடக்கம் செய்யப்பட்டவர் இஸ்மாயில்.

இதைச் சொல்லும்போது ஒரு சங்கடம் வருகிறது. அந்த நட்பு அழகானது. அந்த ரகசியம் நாட்டுக்கு நல்லதா? 1975 கடைசியில் ரசாக் ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது ஓய்வுக்குப் போகிறார் என்றுதான் மக்கள் நினைத்தார்கள். 1976 ஜனவரி 14 அன்று லண்டனில் இறந்தார் என்ற வானொலிச் செய்தி இடிபோல விழுந்தது. வயது 53. ஐந்தாண்டுக்கு மேலாக நோயோடு நாட்டை ஆண்டவரின் உடல்நிலை, வாக்களித்தவருக்குத் தெரியாமலே போயிற்று. அடுத்து வந்த ஹுசேன் ஓன் இந்த வழியில் போகவில்லை. 1981இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, உடல் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிப் பதவியை ஒப்படைத்தார். நோயை இப்படிப் பொதுவில் வைத்துவிட்டுப் போன தலைவர்கள் நம்மிடம் குறைவு. அதனால்தானோ என்னவோ அவரைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை.

ம.இ.கா.வுக்கு 1979 இப்படி ஒரு வருடம். தோட்டத் தொழிலாளர்களைத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்துத் தோட்டம் வாங்கவைத்த துன் சம்பந்தன் மே மாதம் இறந்தார். 1973இல் அவரை விலகவைத்துத் தலைவரான மாணிக்கவாசகம் அதே ஆண்டு அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். துணைத் தலைவராக இருந்த சாமிவேலு தலைமைக்கு வந்தார், 2010 வரை 31 ஆண்டுகள் விடவில்லை. மாணிக்கவாசகம் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று தோட்டத்துப் பெரியவர்கள் பேசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஐந்து மாதத்தில் இரண்டு மரணங்கள் ஒரு சமூகத்தின் முப்பதாண்டை எழுதிவிட்டன என்பது கொஞ்சம் மிகைதான். முழுக்க மிகை என்று சொல்லவும் முடியவில்லை. சாமிவேலுவின் கடைசிக் காலமும் நோயில் கழிந்தது. அவருடைய மனநலம் பற்றிய குடும்ப விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று அவர் இறந்தபோது, 2007 ஹிண்ட்ராப் போராட்ட நாட்களில் அவரைக் கரித்துக்கொட்டியவர்களும் கண்கலங்கினார்கள். நீண்ட நோய்க்கு அந்தச் சக்தி உண்டு, கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். அது மன்னிப்பா மறதியா என்று கேட்டால் எனக்குப் பதில் தெளிவாக இல்லை.

நோயாளியைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் பல சமயம் ஏமாந்தும் போகிறார்கள். 2018 ஜூலையில் கணையப் புற்றுநோய்க்குச் சிங்கப்பூரில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட முகிதீன் யாசின் 2020 மார்ச்சில் பிரதமராகப் பதவியேற்றார். அவருடைய அரசியலைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் அவருக்கு 2018இல் ‘இறைவன் துணை நிற்கட்டும்’ என்று செய்தி அனுப்பிய கூட்டாளிகளில் பலர், இறைவன் இவ்வளவு துணை நிற்பார் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங்கை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2005 ஜனவரியில் பினாங்கில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு அவர் சக்கர நாற்காலியில்தான் நாடாளுமன்றம் வந்தார். கை சரியாக எழவில்லை. நாக்கின் கூர்மை குறையவில்லை. 2009 பிப்ரவரியில் அம்னோ இளைஞர்கள் சிலர் நாடாளுமன்ற வளாகத்திலேயே அவரை வழிமறித்து, பேசியதற்கு மன்னிப்புக் கேள் என்று நின்றார்கள். நடமாட முடியாத ஒரு மனிதரைக் கூட்டமாகச் சூழ்வது அசிங்கம். அதைக் கண்டித்தது சரி. ஆனால் கர்ப்பால் இரக்கத்தைக் கேடயமாகப் பிடித்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊனமுற்றவர், விட்டுப்பிடியுங்கள் என்று எதிரணி பேசியிருந்தால் அவருக்குத்தான் முதலில் கோபம் வந்திருக்கும். வாதத்துக்கு வாதம் கொடுப்பது, சக்கர நாற்காலி வரும்போது வழிவிடுவது. ஒரு நோயாளி அரசியல்வாதிக்குச் சக உறுப்பினர் தரக்கூடிய மரியாதை அவ்வளவுதான். 2014 ஏப்ரல் 17 அதிகாலை நெடுஞ்சாலையில் இன்னொரு விபத்து அவரைக் கொண்டுபோயிற்று.

தோட்டத்தில் நோய் என்பது நம்பப்படாத ஒன்றாக இருந்தது. காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்தவனை டிரெசர் தொட்டுப் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால்தான் அன்று லீவு. இல்லாவிட்டால் மரத்தடிக்குப் போக வேண்டும், இல்லை பேர் வெட்டு. கூலிக்காரனின் நோய் சந்தேகத்துக்குரியது, தலைவரின் நோய் ரகசியத்துக்குரியது. இப்போது தலைவரின் நோயும் சந்தேகத்துக்குள் வந்துவிட்டது. வழக்கு நாளன்று பெரிய மனிதர்களுக்கு நெஞ்சுவலி வருவதை மலேசியாவிலும் பார்க்கிறோம், இந்தியாவிலும் பார்க்கிறோம். நீதிமன்றத்துக்கு எம்.சி. போகிறது, நாற்காலி காத்திருக்கிறது. இதனால் உண்மையாகவே படுத்துவிட்ட அரசியல்வாதியின் பேச்சும் எடுபடுவதில்லை. அவர் குணமடைய வேண்டி வெளியாகும் பத்து அறிக்கைகளில் ஒன்றுகூட, அவர் எத்தனை மாதம் வேலைக்கு வரமாட்டார் என்பதைச் சொல்லாது.

சட்டத்தில் வழி இல்லாமலா? அனுமதியின்றி ஆறு மாதம் எல்லாக் கூட்டத்துக்கும் வராத நாடாளுமன்ற உறுப்பினரின் இடத்தைக் காலி என்று அவை அறிவிக்கலாம் என்கிறது அரசியலமைப்பு. அனுமதி வாங்கினால் அந்தப் பயம் இல்லை. வெளிப்படையாக, எனக்கு இன்ன நோய், இன்ன காலம் விடுப்பு வேண்டும் என்று கேட்க இந்த நாட்டில் எந்தத் தடையும் இல்லை. கேட்பவரைத்தான் காணோம். கேட்டால் மறுநாளே கட்சிக்குள் யாரோ வேட்பாளர் படத்துக்குத் தலைவாரிக்கொள்வார் என்ற பயம்.

அம்பாங்கான், செனவாங், பாரோய் பக்கம் வந்து குடியேறிய தோட்டக் குடும்பங்களுக்கு இதில் அக்கறை வேறு விதமானது. சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் அவர்களுக்குத் துன்பம் வரும் நேரத்து வாசல். சிவப்பு அடையாள அட்டையோடு அறுபது வயதைத் தாண்டிய அம்மா குடியுரிமைக்கான நீல அட்டைக்கு மனுப் போட வருகிறார். சமூகநல உதவி நின்றுபோனவர் கடிதம் கேட்டு வருகிறார். உறுப்பினர் மருத்துவமனையில் என்றால் அங்குள்ள உதவியாளர், “ஒய்பி வந்ததும் பாக்கலாம்மா” என்று கோப்பை மூடிவைப்பார். அந்த அம்மா உறுப்பினருக்காக மனமார வேண்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்; மனு மேசையில் இருக்கும்.

படுத்திருப்பவரின் சக அரசியல்வாதிகளிடம் சொல்ல எனக்கு ஒரு யோசனை உண்டு. முகநூலில் கைகூப்பும் படம் போடுவதோடு நிறுத்தாமல், பக்கத்துத் தொகுதிக்காரர் வாரத்தில் ஒரு நாள் வந்து அந்த மேசையில் உட்காரட்டும். வேறு கட்சிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. மனுக்களை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அன்றைக்குப் பத்திரிகைக்காரரைக் கூட்டிவந்து படம் எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.